நமக்கு அப்புறம் நம் பட்டறைச் சாமான்களுக்கு என்ன கதி?

கொட்டாப்புளி (மேற்கு மாம்பலம்), ஞாயிறு இரவு 9:10

நங்கநல்லூரில் இருந்த என் நண்பர் இந்த ஆடியில் காலமானார். எழுபத்தொரு வயது. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பதினோரு வருடமாக மரத்தில் வண்டிகள் செய்துகொண்டிருந்தார். கட்டை வண்டி, வில் வண்டி, பழைய மெட்ராஸ் ஜட்கா. எல்லாம் ஒரு முழ நீளம்தான். கடையாணியை உருவினால் சக்கரம் தனியாகக் கையோடு வரும், அவ்வளவு துல்லியம். விற்றதில்லை. கேட்டவர்களுக்குக் கொடுப்பார். பிடிக்காதவர்கள் கேட்டால் "இன்னும் முடியலை" என்பார்.

காரியம் எல்லாம் முடிந்து பத்து நாள் கழித்து அவர் பையன் போன் செய்தார். புனேயில் வேலை. "அங்கிள், வீட்டுக்காரர் மாசக் கடைசிக்குள்ள சாவி கேட்கிறார். அப்பா சாமானில் உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கோங்க, மீதியை நான் தள்ளிவிடுறேன்." நல்ல பையன். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, மூன்று நாள் லீவில் வந்தவர் வேறு என்ன செய்வார்?

பால்கனியைத் தடுத்து அமைத்த பட்டறை அது. அகலம் நாலடி இருக்கும். சுவர் முழுக்க ஹார்லிக்ஸ் பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் லேபிள். ஒரு ஆட்டோவில் எவ்வளவு ஏற்ற முடியுமோ அவ்வளவு ஏற்றினேன். மீதிக்குக் காயலான் கடைக்காரர் வந்தார். அவர் செய்ததை அப்படியே சொல்கிறேன். மர இழைப்புளியைக் கையில் எடுத்தார், ஆப்பைத் தட்டினார், பிளேடை உருவி இரும்புச் சாக்கில் போட்டார், கட்டையை விறகுப் பக்கம் வீசினார். இரண்டு நொடி. என் நண்பர் அந்தக் கட்டையின் அடிப்பக்கத்தைத் தட்டையாக்க ஒரு வாரம் தேய்த்ததை நான் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கடைக்காரரையும் குறை சொல்ல முடியாது. அவர் எடுப்பது இரும்பு, மரம் அவருக்கு வெறும் சுமை.

கொண்டுவந்ததில் ஒன்று மட்டும் என்னவென்றே தெரியவில்லை. சோப்புக்கட்டி அளவு தேக்குக் கட்டை. நடுவில் வட்டமாக ஒரு குழி. பக்கவாட்டில் ஒரு துளை, அதற்குள் பித்தளைக் குழாய்த் துண்டு ஒன்றைப் பதித்திருக்கிறார். அந்தத் துளை நேராக இல்லை, லேசாகச் சாய்ந்திருக்கிறது. மேலே பென்சிலில் "வெ 3" என்று எழுதியிருக்கிறது. தப்பாகப் போன வேலையை எதற்கு இவ்வளவு பத்திரமாகத் துணியில் சுற்றி வைத்தார் என்று புரியவில்லை. கேட்க ஆள் இல்லை.

இங்கே பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். கண்தானத்துக்கு அட்டை வைத்திருக்கிறோம், எல்ஐசிக்கு நாமினி போட்டிருக்கிறோம். பட்டறைக்கு யார் நாமினி? யாராவது ஏதாவது ஏற்பாடு செய்திருந்தால் சொல்லுங்கள்.

ஆக்சா பிளேடு (அம்பத்தூர்), ஞாயிறு இரவு 9:34

மனசு கஷ்டமாக இருக்கிறது சார். "பழைய இரும்பு சாமானுக்குப் பேரீச்சம்பழம்" என்று தெருவில் கூவிக்கொண்டு வந்த காலத்திலிருந்து கணக்கு இதுதான், எடைக்குத்தான் விலை.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனால் தரையில் விரித்த சாக்கில் இப்படி எத்தனை பேருடைய பட்டறை கிடக்கிறது பாருங்கள். நான் அங்கே வாங்கிய வெர்னியர் காலிப்பரின் பின்பக்கம் இரண்டு இனிஷியலும் 1974 என்ற வருடமும் பொறித்திருக்கிறது. முதல் சம்பளத்தில் வாங்கியதாக இருக்கும். விற்றவரிடம் கேட்டேன். "வீடு காலி பண்ண சாமான் சார், அம்பது ரூபா சேர்த்துக் குடுங்க" என்றார்.

பசைத்தாள் (திருவல்லிக்கேணி), ஞாயிறு இரவு 10:20

மரவேலை தெரியாது, நான் தபால்தலைக்காரன். எங்கள் கதை உங்களுடையதைவிட மோசம். உங்கள் சாமானைத் தூக்கிப் போடுவார்கள். எங்களுடையதை அன்பாகப் பாழாக்குவார்கள்.

என் சீனியர் ஒருவர் நாற்பது வருடம் முதல் நாள் உறைகள் சேர்த்தவர். உறை, அதன் மேல் தபால்தலை, வெளியான அன்றைய முத்திரை, மூன்றும் சேர்ந்திருந்தால்தான் அதற்கு மதிப்பு. அவர் போன பிறகு அவர் மருமகள் எங்களுக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு அத்தனை உறைகளையும் பேசின் தண்ணீரில் ஊறவைத்து, தபால்தலைகளைப் பிரித்து, காயவைத்து, நிறம் வாரியாகப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தார். "பேப்பரெல்லாம் எடுத்துட்டேன் அங்கிள், சுத்தமா இருக்கு" என்றார். நான் தேங்க்ஸ் சொல்லிவிட்டு வந்தேன். வேறென்ன சொல்ல?

அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து என் ஆல்பங்களின் முதல் பக்கத்தில் எழுதினேன். என் மனைவிக்குப் புரிகிற மாதிரி, அவள் கேட்பாள் என்று தோன்றிய கேள்விகளுக்குப் பதிலாக. தண்ணீர் படக் கூடாது. கையால் தொடாதே, சாமணம் மேஜை டிராயரில் இருக்கிறது. ஆல்பத்தை நிற்கவைத்தே வை, சென்னைப் புழுக்கத்தில் படுக்கவைத்தால் பசை தாளோடு ஒட்டிக்கொள்ளும். சிவப்பு ஆல்பத்தில் 1948 காந்தி வரிசை இருக்கிறது, 1½ அணா, 3½ அணா, 12 அணா, 10 ரூபாய், நாலும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும், பத்து ரூபாயை மட்டும் யாராவது கேட்டால் கொடுக்காதே. நீல ஆல்பம் முழுக்கச் சாதாரணம், பேரன் விளையாடலாம்.

கடைசி வரிதான் முக்கியம் என்று நினைக்கிறேன். எது குப்பை என்று நாமே எழுதி வைத்தால்தான் எது குப்பை இல்லை என்பதை வீட்டில் நம்புவார்கள்.

ரேடியோக்காரர் மகள் (பெரம்பூர்), திங்கள் காலை 7:05

எல்லாரும் போகிறவர் பக்கத்திலிருந்தே பேசுகிறீர்கள். மிஞ்சி நிற்கிறவள் பக்கத்திலிருந்து நான் கொஞ்சம் பேசுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

என் அப்பா வால்வு ரேடியோக்களைச் சரிசெய்வதையே பொழுதுபோக்காக வைத்திருந்தார். அவர் போனபோது பரணில் பதினொரு அட்டைப்பெட்டி. வால்வுகள், காயில்கள், கண்டென்சர்கள், பெயர் தெரியாத உருப்படிகள். இரண்டு வருடம் அப்படியே கிடந்தது. தூக்கிப் போட்டால் அப்பாவையே தூக்கிப் போட்ட மாதிரி இருக்கிறது. வைத்திருந்தால் கரப்பான். அம்மா அந்தப் பரணுக்குக் கீழே படுக்கவே மாட்டேன் என்றார்.

நாலைந்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். முதல் கடையில் சிரித்தார்கள். இரண்டாவது கடையில் "மியூசியத்துக்குக் குடுங்க மேடம்" என்றார்கள். அப்புறம் யாரோ சொல்லி ஒருவர் வீட்டுக்கே வந்தார். பெட்டிகளைக் கிளறி எட்டு வால்வை மட்டும் எடுத்துக்கொண்டு இருநூறு ரூபாய் கொடுத்துவிட்டுப் போனார். ஈசிசி83, இஎல்84 வகையெல்லாம் கிட்டார் ஆம்ப்ளிஃபையருக்கும் ஆடியோ ஆர்வலர்களுக்கும் இன்றைக்கும் வேண்டியிருக்கிறது என்று ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அந்தப் பணம் போனது பெரிதில்லை. அப்பா கண்ணுக்கு முன்னால் யாரோ என்னை ஏமாற்றியது மாதிரி இருந்ததே, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஒரு தாள். பத்து வரி. இரண்டு போன் நம்பர். இதை எழுத அவருக்கு முப்பது வருடம் இருந்தது. கேட்டால் "இப்போ எதுக்கு அபசகுனமா" என்பார். ஆகவே பெரியவர்களே, உங்கள் சாமான் மேல் உங்களுக்குப் பாசம் இருக்கலாம், அதைச் சுமக்கப்போகிற ஆள் மேலும் கொஞ்சம் வையுங்கள்.

கொட்டாப்புளி, திங்கள் காலை 8:40

அம்மா, உங்கள் பதிவை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். "அந்தப் பொண்ணு சரியாத்தான் சொல்லியிருக்கு" என்று என் ஆணி டப்பாக்களைப் பார்த்தார். மொத்தம் அறுபத்திரண்டு டப்பா. எண்ணிவிட்டேன்.

சும்மா ஒருத்தன் (வேளச்சேரி), திங்கள் காலை 9:15

போன பிறகு எது எங்கே போனால் நமக்கென்ன? செய்யும்போது கிடைத்த சந்தோஷத்தோடு கணக்கு முடிந்தது. இதற்கெல்லாம் லிஸ்ட் போடுவது ஆசையை விடாத குணம்.

மைக்கைப் பிடித்தவர் (குரோம்பேட்டை), திங்கள் காலை 11:50

ஒருத்தன் சார், உங்கள் வேதாந்தம் தபால்தலைக்குப் பொருந்தலாம். ஹாம் ரேடியோவுக்கு, அதாவது வீட்டிலிருந்தே வானொலி அலையில் மற்றவர்களோடு பேசும் எங்கள் பொழுதுபோக்குக்கு, பொருந்தாது. ஒலிபரப்பும் கருவியை லைசென்ஸ் இல்லாதவர் வைத்துக்கொள்ளவோ இயக்கவோ கூடாது. லைசென்ஸ் என் பெயரில், என்னோடு முடிகிறது. செட் மட்டும் வீட்டில் இருக்கும். என் மனைவி அதை யாரோ ஒருவருக்கு விற்றால் சிக்கல் அவருக்குத்தான்.

எங்களில் ஒருவர் இறந்தால் "சைலன்ட் கீ" என்போம். தந்தி மாதிரி தட்டிச் செய்தி அனுப்பும் மோர்ஸ் சாவி பேச்சை நிறுத்தியது என்று அர்த்தம். என் வட்டத்தில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். ஒவ்வொருவரும் இரண்டு பேரைச் சொல்லி வைப்போம். துக்கம் நடந்த ஒரு மாதத்துக்குள் அந்த இருவரும் போய், ஒவ்வொரு செட்டிலும் நியாயமான விலையை எழுதி ஒட்டி, லைசென்ஸ் உள்ளவர்களுக்கு மட்டும் விற்று, பணத்தை வீட்டில் கொடுக்க வேண்டும். அந்த இருவரும் தங்களுக்கென்று எதையும் வாங்கக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனை சண்டையில் பிறந்தது, அதை விவரமாகச் சொல்ல விருப்பமில்லை.

மொட்டை மாடி ஆன்டெனாவையும் மறக்காதீர்கள். அதை இறக்கத் தெரிந்த ஆள் யார் என்றும் எழுதி வைக்க வேண்டும். கம்பத்தைப் பிளாட் அசோசியேஷன் ஆளை விட்டு இறக்கினால் கீழே நிற்கும் கார் போகும்.

நோட்டரி வாசல் (பாரிமுனை), திங்கள் மதியம் 2:30

முப்பது வருடம் வக்கீல் குமாஸ்தா. தெரிந்ததைச் சொல்கிறேன்.

உயில் எழுத முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். 1925ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டம் 63ஆம் பிரிவுப்படி எழுதியவர் கையெழுத்தும் இரண்டு சாட்சிகள் கையெழுத்தும் வேண்டும். பதிவு செய்வது கட்டாயமில்லை, செய்தால் பின்னால் தகராறு குறையும். பொருள் யாருக்குப் போகிறதோ அவரைச் சாட்சியாகப் போடாதீர்கள். எழுதாமல் ஒரு இந்து ஆண் போனால் அவர் சொந்தச் சம்பாத்தியம் மனைவி, பிள்ளைகள், தாயார் எல்லாருக்கும் சம பங்கு. இழைப்புளியும் அதில் சேர்த்திதான். மூன்று பிள்ளைகளும் ஒரு இழைப்புளியும் இருந்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் உளிக்கும் அரத்துக்கும் உயில் எதற்கு என்பது என் சொந்த அபிப்பிராயம். அசையும் பொருளைக் கையில் எடுத்துக் கொடுத்தாலே தானம் முடிந்தது, பத்திரம் வேண்டாம். உயிரோடு இருக்கும்போது கொடுத்துவிட்டால் கோர்ட்டும் இல்லை, குமாஸ்தாவும் இல்லை. உயிலில் ஒரே ஒரு வரி போதும்: "என் பட்டறைச் சாமான்களை இன்னார் என் குறிப்பேட்டில் உள்ளபடி பிரித்துக் கொடுப்பார்." அந்த இன்னாரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கேட்காமல் பெயர் போட்டுவிட்டு, அந்த ஆள் அமெரிக்காவில் இருந்த கதையெல்லாம் பார்த்திருக்கிறேன். குறிப்பேடு எங்கே இருக்கிறது என்பதும் இரண்டு பேருக்காவது தெரிய வேண்டும்.

மரப்பாச்சி (மயிலாப்பூர்), திங்கள் மாலை 5:45

பொம்பளைங்க சாமானை யாருமே பேசவில்லையே!

எங்கள் அம்மா கொலுப் பொம்மைகளைத் தானே காகிதக்கூழில் செய்து வர்ணம் தீட்டுவார். கடையில் வாங்கியது செட்டியார் பொம்மையும் மரப்பாச்சியும் மட்டும்தான். அவர் போன பிறகு நாங்கள் மூன்று சகோதரிகள் சமமாகப் பிரித்தோம். நியாயமாக நடந்துகொள்கிறோம் என்ற நினைப்பில் தசாவதார செட்டையும் பிரித்துவிட்டோம். மச்சம், கூர்மம், வராகம் என் வீட்டில். பெரிய அக்காவிடம் நாலு. தங்கையிடம் மூன்று, அதில் கல்கியின் குதிரைக்குக் கால் இல்லை. இப்போது ஒவ்வொரு நவராத்திரிக்கும் என் வீட்டுக்கு வருகிறவர்கள் "மீதி அவதாரம் எங்கே மாமி" என்று கேட்டுவிட்டுச் சுண்டலைச் சாப்பிடுகிறார்கள். அம்மா பத்தையும் ஒரே சேலைத்துண்டில் சுற்றி வைத்திருந்தார். அதுவே அவர் எழுதிய உயில், எங்களுக்குப் படிக்கத் தெரியவில்லை.

இன்னொன்று, பாதியில் நிற்கும் வேலை. என் மாமியார் குரோஷாவில் மேஜை விரிப்பு பின்னிக்கொண்டிருந்தார், ஊசி கடைசிக் கண்ணியிலேயே இருந்தது. நான் தொடர்ந்து பின்னலாம் என்று எடுத்தேன். அவர் கை இறுக்கம், என் கை தளர்ச்சி. நாலு வரிசை போட்டதும் ஓரம் அலை அலையாக வந்துவிட்டது. பிரித்துவிட்டேன். அப்படியே கண்ணாடிச் சட்டத்தில் போட்டு மாட்டியிருக்கிறேன், ஊசியோடு. அதிலிருந்து நான் எதை ஆரம்பித்தாலும் நூல் நம்பர், ஊசி நம்பர், எந்த மாதிரி, யாருக்கு என்று ஒரு சீட்டு எழுதி நூற்கண்டுக்குள் சொருகிவிடுவேன். மகள் முடிக்கலாம், பிரித்து வேறு பின்னலாம், அவள் இஷ்டம். அதையும் சீட்டில் எழுதிவிடுகிறேன். பிரிக்க அனுமதி உண்டு என்று ஒரு வரி இருந்தால் அவளுக்கு எவ்வளவு பாரம் குறையும்!

ரேடியோக்காரர் மகள், திங்கள் மாலை 6:02

அந்த அனுமதி வரிக்காகவே உங்களுக்கு ஒரு கும்பிடு மாமி.

மெழுகு மேளம் (தாம்பரம்), திங்கள் மாலை 6:30

வீணை வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய வீணைகளில் யானைத்தந்த வேலைப்பாடு இருக்கும். தந்தம் உள்ள பொருளை விற்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். "பாட்டி வீணை விற்பனைக்கு" என்று பேரன் போட்டோவோடு விளம்பரம் போட்டால் வம்பு. இன்னொன்று, வீணையை மூலையில் சாத்திப் பத்து வருடம் விட்டால் மெட்டுகளைப் பிடித்திருக்கும் மெழுகு காய்ந்து வெடித்துவிடும், திரும்ப மேளம் கட்ட, அதாவது மெட்டுகளை மெழுகில் புதிதாகப் பதிக்க, வேண்டும். வாசிக்கிற ஒரு பெண்ணிடம் கொடுத்துவிடுங்கள். அவள் அபஸ்வரமாக வாசித்தாலும் பரவாயில்லை.

மாடித்தோட்டம் (போரூர்), திங்கள் இரவு 8:15

உங்களுக்கெல்லாம் மாசக் கடைசி வரை நேரம் இருக்கிறது. எனக்கு மே மாதத்தில் இரண்டு நாள்தான். முப்பது போன்சாய், சின்னத் தொட்டி, மொட்டை மாடி வெயில். நான் ஆஸ்பத்திரியில் படுத்தாலே அதுகள் போய்விடும். அதனால் எதிர் பிளாட் பையனை ஞாயிறுதோறும் கூப்பிட்டு நீர் ஊற்றப் பழக்கியிருக்கிறேன். கூலியாக ஒரு ஆலங்கன்று கொடுத்தேன். இப்போது அவனிடம் ஐந்து இருக்கிறது. பரம்பரை ஆரம்பித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். விதைகள் மட்டும் டப்பாவில் வருடம் எழுதி வைத்திருக்கிறேன், பழசானால் முளைக்காது.

பழம்புத்தகம் (தரமணி), செவ்வாய் காலை 10:10

சேகரிப்பு தப்பிப் பிழைத்த கதையும் இந்த ஊரில் உண்டு. எங்கள் பக்கம் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஒரு தனி மனிதர் சேர்த்ததிலிருந்து வந்தது. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியர் அவர். தமிழில் அச்சான எதையும் விட்டுவைக்கவில்லை, புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ், அழைப்பிதழ் எல்லாம். 1992இல் மறைந்தார். சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கி இங்கேயே வைக்க ஏற்பாடு செய்து, 1994இல் நூலகமானது. உ.வே.சா. 1942இல் மறைந்தார், அடுத்த வருடமே அவர் சுவடிகளுக்கு நூலகம் வந்தது, இப்போது பெசன்ட் நகரில் இருக்கிறது. மறைமலையடிகள் 1950இல் மறைந்தார். அவர் புத்தகங்களுக்கு லிங்கிச் செட்டித் தெருவில் நூலகம் அமைய 1958 ஆனது.

மூன்றிலும் ஒன்றைக் கவனியுங்கள். கடைசியில் ஒரு ஆளோ ஒரு அமைப்போ முன்வந்து தூக்கிக்கொண்டது. தானாக எதுவும் நடக்கவில்லை. "லைப்ரரிக்குக் கொடுத்துவிடுங்கள்" என்று எழுதிவைத்துவிட்டு நிம்மதியாகப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன், எந்த நூலகமும் மியூசியமும் வந்ததையெல்லாம் வாங்கிக்கொள்ளாது. இடம் வேண்டும், பட்டியல் போட ஆள் வேண்டும், பூச்சி மருந்து வேண்டும். நீங்கள் இருக்கும்போதே போய்ப் பேசி, எதை எடுத்துக்கொள்வார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பட்டியலோடு போனால் மரியாதையே வேறு.

கறுப்பு வெள்ளை (ஜாபர்கான்பேட்டை), செவ்வாய் மதியம் 1:00

போட்டோக்காரன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் என் நெகட்டிவ்களில் பாதி ஒன்றோடொன்று ஒட்டிப் பாளமாகிவிட்டது. மீதியை ஸ்கேன் செய்து இணையத்தில், கூகுள் மேகத்தில் (கிளவுட்) ஏற்றினேன், இனி தண்ணீர் தொடாது என்ற தைரியத்தில். அப்புறம் பார்த்தால் கூகுள் கணக்கை இரண்டு வருடம் தொடாமல் விட்டால் அழிக்கலாம் என்று விதி. நான் போனால் யார் தொடுவார்கள்? அந்தக் கணக்கிலேயே ஒரு ஏற்பாடு இருக்கிறது. மூன்று மாதத்திலிருந்து பதினெட்டு மாதம் வரை நாம் சொல்லும் கெடு தாண்டியும் நடமாட்டம் இல்லையென்றால், நாம் குறித்துக் கொடுத்தவர்களுக்குத் தகவலும் கோப்புகளும் போகும். பத்துப் பேர் வரை போடலாம். நான் மகளைப் போட்டேன். மகளிடம் சொன்னேன். "அப்பா, இருபதாயிரம் போட்டோவில் நான் எதைப் பார்ப்பேன்?" என்றாள். ஆகவே இருநூறை மட்டும் தனியாகப் பிரித்து வைக்கிறேன். நூற்றிருபது வரை வந்திருக்கிறது. பாதிக்கு மேல் மெரினாதான், என்ன செய்ய.

சும்மா ஒருத்தன், செவ்வாய் மதியம் 1:25

நேற்று எழுதியதற்கு ஒரு பின்குறிப்பு. என்னிடம் தாத்தாவின் சவரக்கத்தி தீட்டும் தோல்வார் இருக்கிறது. எதற்கு வைத்திருக்கிறேன் என்று தெரியவில்லை. அவ்வளவுதான்.

கடையாணி (ஊரப்பாக்கம்), செவ்வாய் இரவு 9:50

கொட்டாப்புளி சார், இழையை இன்றைக்குத்தான் பார்த்தேன். அந்தத் தேக்குக் கட்டை தப்பான வேலை இல்லை.

எங்களுக்குத் திருவண்ணாமலைப் பக்கம். தாத்தா வண்டித் தச்சர். மாட்டு வண்டிச் சக்கரத்தைப் பக்கவாட்டில் பார்த்திருக்கிறீர்களா? தட்டையாக இருக்காது. சாப்பாட்டுத் தட்டு மாதிரி லேசாகக் குழிந்திருக்கும். நடுக் குடத்திலிருந்து ஆரக்கால்கள் நேராகப் போகாமல் வெளிப்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து போய் வட்டையில், அதாவது வெளி மர வளையத்தில், சேரும். மாடு நடக்கும்போது வண்டி இடம் வலமாக ஆடும் அல்லவா, அந்தப் பக்கவாட்டு இடியை நேரான ஆரக்கால் தாங்காது, சாய்வு தாங்கும். தாத்தா அதைக் கண்ணாலேயே போடுவார்.

உங்கள் நண்பர் கண்ணால் போடாமல் கட்டையால் போட்டிருக்கிறார். நடுக் குழியில் குடம் உட்காரும். பித்தளைக் குழாய் வழியாகத் துளைக்கும் ஊசியை விட்டால் ஒவ்வொரு தடவையும் அதே சாய்வு. "வெ 3" என்றால் வெளிப்பக்கம் மூன்று டிகிரி என்று நினைக்கிறேன். குடத்தைத் திருப்பித் திருப்பிப் பன்னிரண்டு தடவை போட வேண்டும். பாட்டில்களில் எங்காவது குடம் இருந்தால் பொருத்திப் பாருங்கள்.

கொட்டாப்புளி, புதன் காலை 6:20

ராத்திரி தூங்கவில்லை. பதினேழாவது பாட்டிலில் இருந்தது. லேபிளில் "கு" என்று மட்டும் எழுதியிருக்கிறார். கடைசல் பிடித்த குடம் ஏழு. கட்டைக்குள் வைத்தேன், தட்டவே வேண்டியிருக்கவில்லை, தானாக உட்கார்ந்தது. ஏழில் ஆறு வெறுமை. ஒன்றில் மட்டும் நாலு துளை போட்டு நிற்கிறது. குழாய் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன், நாலாவது துளையோடு நேர்க்கோட்டில் இருக்கிறது.

இனி இது என்னவென்று தெரிந்துவிட்டதால் கட்டையின் அடியில் பேனாவால் எழுதி ஒட்டினேன்: "ஜட்கா சக்கரக் குடத்தில் ஆரக்கால் துளை போடும் அச்சு. சாய்வு வேண்டுமென்றே வைத்தது. தூக்கி எறியாதே." அப்படியே என் பெட்டிக்கும் ஆரம்பித்துவிட்டேன். மூடியின் உள்பக்கம் ஒட்டியது இது:

"சிவப்புப் பிடி உளிகள் ஆறும் நல்ல எஃகு, பிரிக்காமல் கொடு. மஞ்சள் பிடி மூன்றும் பெயின்ட் டப்பா திறக்க. இழைப்புளியை ஆப்போடு சேர்த்துக் கொடு, பிளேடைத் தனியாக யாராவது கேட்டால் அவருக்குக் கொடுக்காதே. ரசமட்டம் ஒரு பக்கம் பொய் சொல்லும், எந்தப் பக்கம் என்று பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறது. ஆணி டப்பா அறுபத்திரண்டும் காயலான் கடைக்கு, வருத்தப்படாதே. முதலில் கூப்பிட வேண்டியது ஆக்சா பிளேடு, நம்பர் கீழே."

(ஆக்சா சார், நோட்டரி ஐயா சொன்னபடி இப்போது கேட்கிறேன். சரிதானே?)

ஆக்சா பிளேடு, புதன் காலை 6:41

சரி சார். ஆனால் மஞ்சள் பிடி மூன்றும் எனக்கு.

கொட்டாப்புளி, புதன் காலை 7:15

கடையாணி, நாலு துளை போட்டு நிற்கிற அந்தக் குடத்தை விட மனசில்லை. மீதி எட்டை நான் போடலாம் என்று பார்க்கிறேன். நான் பெட்டி செய்கிறவன், சக்கரம் செய்ததில்லை. வட்டை எத்தனை துண்டு?

கடையாணி, புதன் காலை 7:40

ஆறு. துண்டுக்கு இரண்டு ஆரக்கால். பெரிய சக்கரத்தில் இரும்புப் பட்டாவைச் சுட வைத்து ஏற்றித் தண்ணீர் ஊற்றுவார்கள், அது சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். இவ்வளவு சின்ன சக்கரத்தில் உங்கள் நண்பர் பட்டாவுக்கு என்ன செய்தார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

கொட்டாப்புளி, புதன் காலை 8:05

அதற்கும் ஒரு பாட்டில் இருக்கிறது. பவுடர் டப்பாவைக் கீற்றுக் கீற்றாக வெட்டியிருக்கிறார். இரண்டு கீற்றில் உள்பக்கம் இன்னும் ரோஜாப்பூ வாசனை.